ராத்திரி ஏக்கத்துக்கு ஒரு பகல் குறிப்பு

ஆட்டிப் படைத்த துணையை விட்டு வந்த பிறகும், ராத்திரி பதினோரு மணிக்கு "அவர் அவ்வளவு மோசமில்லையே" என்று மனசு வக்காலத்து வாங்கும். அதற்காகவே, தெளிவாக இருக்கும் ஒரு பகலில் கைப்பேசியில் எழுதி வையுங்கள்: சிங்கப்பூர் தேக்காவில் எல்லார் முன்னாலும் திட்டியது, பேங்க் கார்டைப் பிடுங்கி வைத்தது, மறுநாளே மல்லிகைப்பூவோடு வந்து கொஞ்சியது. பூவையும் எழுத மறக்காதீர்கள், திரும்பிப் போக வைப்பது அதுதான். (அவருக்குத் தெரிந்த பழைய பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள்.)

மெசேஜ் அனுப்பக் கை துறுதுறுத்தால் இதைப் படியுங்கள். அப்புறம் கீழே இறங்கி புளோக்கைச் சுற்றி ஒரு நடை. பிள்ளை விஷயமாகப் பேசியே ஆக வேண்டுமா? சரி, இரண்டு வரி, எழுத்தில் மட்டும்.

சிங்கப்பூரில் அழைக்க வேண்டிய எண்கள்: மனம் தாங்காவிட்டால் 1771. வன்முறை, மிரட்டல் என்றால் 1800-777-0000. 24 மணி நேரமும் எடுப்பார்கள். உடனடி ஆபத்துக்கு 999.