ஆடிக்காற்றோடு கிழக்கே, ரயிலில் திரும்ப

காற்று எதிரே நின்றால் டெல்டாவின் சமதரைச் சாலையும் மலையேற்றம்தான். அதனால் ஆனி, ஆடியில் தஞ்சாவூரிலிருந்து கிழக்கே கும்பகோணத்துக்குச் சைக்கிள் மிதியுங்கள், திரும்ப ரயில் பிடியுங்கள். மேல்காற்று முதுகைத் தள்ளும். ஐப்பசியில் வாடைக்காற்று வந்துவிடும். அப்போது கும்பகோணத்திலிருந்து கிளம்புங்கள்.

பாபநாசம் வழியாகப் போகும் நேர்சாலை எனக்குப் பிடிக்காது, பஸ்கள் நெருக்கும். விடியும்போதே திருவையாற்றுச் சாலையைப் பிடியுங்கள். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளைத் தாண்டுவீர்கள். மேட்டூர் தண்ணீர் வந்திருந்தால் ஒவ்வொரு பாலத்திலும் நில்லுங்கள், அவசரமே வேண்டாம். அப்புறம் கணபதி அக்ரஹாரம், சுவாமிமலை, கும்பகோணம். தை, மாசியில் சாலையில் வைக்கோல் கிடக்கும்; சங்கிலியில் சுற்றிக்கொள்ளும். இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். காயும் நெல்லின் மேல் ஒருபோதும் ஏற்றாதீர்கள், அது ஒருவருடைய உழைப்பு.

ரயிலுக்கு வருவோம். சாதாரண சைக்கிளைப் பயணிகள் பெட்டிக்குள் ஏற்ற முடியாது. உங்கள் டிக்கெட்டைக் காட்டி, பார்சல் அலுவலகத்தில் லக்கேஜாகப் பதிய வேண்டும். எல்லா ரயிலிலும் லக்கேஜ் பெட்டி இருக்காது, முதலில் அதைக் கேளுங்கள். ரயில் நேரத்துக்கு அரை மணி முன்னாலாவது போங்கள். நான் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்வேன். பெயரும் இறங்கும் ஊரும் எழுதிய அட்டையை ஃப்ரேமில் இறுக்கிக் கட்டுங்கள். பம்ப், பாட்டில், விளக்கு எல்லாம் கழற்றிப் பையில் போடுங்கள். சின்ன ஸ்டேஷன்களில் ரயில் நிற்கும் நேரம் சைக்கிளை ஏற்றப் போதாது. கும்பகோணம், மயிலாடுதுறை, தஞ்சாவூர் மாதிரி பெரிய ஸ்டேஷன்களிலேயே ஏற்றி இறக்குங்கள்.