ராணி அறையைக் கிள்ளுவதற்கு முன்: தேனீக் கூட்டம் பிரியும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெட்டியிலிருந்து தேனீக்கள் மொத்தமாகக் கிளம்பினால் "என்னவோ பிடிக்கவில்லை, ஓடிவிட்டது" என்று சொல்லிவிடுகிறோம். பல நேரம் அது உண்மையில்லை. நாம் பெட்டியில் வளர்க்கும் இந்தியத் தேனீ இரண்டு விதமாக வெளியேறும். தீனி இல்லாமலோ, எறும்பு, மெழுகு அந்துப்பூச்சி தொல்லை தாங்காமலோ முழுக் குடும்பமும் காலி செய்வது ஓடிப்போதல். கூட்டம் பிரிதல் அதற்கு நேர் எதிர். குடும்பம் பெருத்து, இடம் நெருக்கடியாகி, ராணியின் வாசனை எல்லாத் தேனீக்களுக்கும் சரிவரப் போய்ச் சேராதபோது அது இரண்டாகப் பிரிகிறது. இங்கே தனிக்குடித்தனம் போவது மகள் இல்லை, தாய். பழைய ராணி பாதிக்கும் மேற்பட்ட பணித் தேனீக்களோடு கிளம்பிவிட, வீடு புது ராணிக்கு.

எது நடந்தது என்பது பெட்டியைத் திறந்தாலே தெரியும். தேனீயும் மூடிய புழு அறைகளும், புது ராணியை வளர்க்கக் கட்டும் ராணி அறைகளும் மிச்சமிருந்தால் பிரிந்திருக்கிறது. வெறும் அடை மட்டும் கிடந்தால் ஓடிப்போயிருக்கிறது. இதைப் பார்க்காமலே சர்க்கரைப் பாகு வைப்பவர்கள் உண்டு. பட்டினியால் ஓடத் துடிக்கும் குடும்பத்துக்குப் பாகு மருந்து. பிரியத் தயாராகும் குடும்பத்துக்கோ இருக்கும் நெருக்கடியை அது இன்னும் கூட்டும்.

அடுத்தது காலம் தவறுவது. கன்னியாகுமரிப் பக்கம் முக்கியத் தேன் வரத்து பூவிலிருந்து வருவதில்லை. ரப்பர் மரம் இலை உதிர்த்து மறுபடி தளிர்க்கும்போது இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பிலிருந்து வருகிறது. அதற்கு முந்தைய மாதங்களில்தான் குடும்பங்கள் பெருகிப் பிரியத் தொடங்கும். தேன் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று பெட்டியைத் திறக்காமல் விட்டால், அறுவடைக்கு வேண்டிய தேனீக்கள் ஏதாவது மரப்பொந்தில் இருக்கும். முன்னறிவிப்பு இல்லாமல் இது நடப்பதும் இல்லை. முதலில் ஆண் தேனீ அறைகள் கூடும். அந்த அறை மூடியின் நடுவில் சின்னத் துளை இருப்பதால் அடையாளம் காண்பது சுலபம். அப்புறம் அடையின் அடிவிளிம்பில் ராணி அறைகள் தலைகீழாகத் தொங்க ஆரம்பிக்கும். முட்டையிட்டதிலிருந்து ஏறக்குறைய 8 நாளில் ராணி அறை மூடப்படும். பழைய ராணி கிளம்புவதும் பெரும்பாலும் அதையொட்டித்தான். ஆகவே அந்தக் காலத்தில் வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பார்ப்பதும் பார்க்காமலே இருப்பதும் ஒன்றுதான்.

இனி பெரிய தவறு. ராணி அறையைக் கண்டதும் கை தானாகக் கிள்ளப் போகும். "எல்லாவற்றையும் கிள்ளி எறி, பிரியாது" என்ற அறிவுரை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நெருக்கடி அப்படியே இருக்கும்வரை தேனீக்கள் மறுபடி கட்டும். கண்ணில் படாத ஒரே ஓர் அறை போதும், கூட்டம் போய்விடும். இதைவிட மோசம், கூட்டம் ஏற்கெனவே பிரிந்துபோன பெட்டியில் கிள்ளுவது. புது முட்டையோ இளம் புழுவோ இல்லாவிட்டால் இன்னொரு ராணியை வளர்க்க அவற்றிடம் எதுவும் இருக்காது. இந்தியத் தேனீயில் ராணி போன பிறகு பணித் தேனீக்கள் சீக்கிரமே முட்டையிடத் தொடங்கிவிடும். ஒரே அறையில் இரண்டு மூன்று முட்டை தெரிந்தால் அதுதான். கருவுறாத அந்த முட்டைகளிலிருந்து ஆண் தேனீதான் வரும், குடும்பம் தேய்ந்து அழியும். அதனால் முதலில் முட்டையைத் தேடுங்கள். அறையின் அடியில் நிமிர்ந்து நிற்கும் முட்டை கண்ணில் பட்டால் ராணி ஓரிரு நாள் முன்புவரை அங்கே இருந்திருக்கிறது. முட்டையும் இல்லை, ராணியும் இல்லையென்றால், நல்ல ராணி அறை ஒன்றையாவது விட்டே ஆக வேண்டும். அதிகம் விட்டால் இரண்டாவது, மூன்றாவது கூட்டமும் பிரிந்து பெட்டி மெலிந்துவிடும்.

ராணி இருக்கும்போதே அறைகளைக் கண்டுவிட்டால், கிள்ளுவதைவிட நாமே பிரித்துவிடுவது புத்திசாலித்தனம். பழைய ராணியோடு சில அடைகளைப் புதுப் பெட்டிக்கு மாற்றி, பழைய பெட்டியில் ஒரு நல்ல ராணி அறையை விடலாம். ஆசைப்பட்டு ஒரு குடும்பத்தை நான்காக்குவது வேண்டாம். நான்கும் நோஞ்சானாகும்.

ராணியின் இறக்கையை வெட்டுபவர்களும் உண்டு. வெட்டினாலும் கூட்டம் கிளம்பும். பறக்க முடியாத ராணி வாசலில் விழுந்து எறும்புக்கு இரையாகும். புது ராணி பிறந்ததும் கூட்டம் அதோடு போய்விடும். இறக்கையும் வீண், ராணியும் வீண்.

பிரிந்த கூட்டம் கிளையில் கொத்தாகத் தொங்கும்போது கல்லெறிவதும் தீ மூட்டுவதும் வேண்டாத வேலை. வயிறு நிறையத் தேன் குடித்துவிட்டு, காக்க அடையோ குஞ்சோ இல்லாமல் நிற்கும் இந்தியத் தேனீ பொதுவாகச் சாது. வேவு பார்க்கப் போன தேனீக்கள் திரும்பி வந்து, கொத்தின் மேலேயே ஆடி இடம் சொல்லும். முடிவானதும் எல்லாம் பறந்துவிடும். சில மணி நேரமும் ஆகலாம், சில நாளும் ஆகலாம். ஆனால் தொங்குவது மலைத்தேனீ என்றால் கதையே வேறு. உருவத்தில் பெரியது, சீண்டினால் துரத்தித் துரத்திக் கொட்டும். எதுவென்று உறுதியாகத் தெரியாதவர்கள் கிட்டே போக வேண்டாம்.

பிடித்த கூட்டத்தை வெறும் பெட்டியில் தட்டிப் போட்டால் மறுநாளே போய்விட வாய்ப்பு அதிகம். வேறு பெட்டியிலிருந்து புழு உள்ள அடை ஒன்றைக் கொடுத்தால் அவ்வளவு எளிதில் விட்டுப் போகாது. மாலையில் குடிவைத்து, அன்றிரவே சர்க்கரைப் பாகு கொடுங்கள். பணித் தேனீ போய்வரலாம், ராணி நுழைய முடியாது என்ற அளவில் துளையிட்ட ராணித் தடுப்புத் தகட்டை வாசலில் வைப்பதாக இருந்தால், பழைய ராணியோடு வந்த முதல் கூட்டத்துக்கு மட்டும், அதுவும் சில நாளைக்கு மட்டும் வையுங்கள். பிந்திப் பிரிந்த கூட்டத்தில் இருப்பது இணை சேராத ராணி. வெளியே பறந்து இணை சேர்ந்துவிட்டு வர வழியை அடைத்தால், அந்தப் பெட்டியிலும் ஆண் தேனீதான் பெருகும்.