சிலந்திக்கடி என்று பெயர் வைத்துவிட்ட புண்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலில் ஒரு புண். ஆறுகிறது, சில மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடியும் உடைகிறது. விசாரித்தால், "போன வருடம் சிலந்தி கடித்தது, அந்த விஷம் இன்னும் உடம்பில் இருக்கிறது" என்கிறார்கள். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் என்று தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றி நம்மவர்கள் வாழும் பகுதிகளில் புண்ணுக்குக் கட்டுப் போடும் வேலை பார்ப்பவள் நான். இந்தப் பதிலைக் கேட்காத மாதம் இல்லை. அவர்களுடைய வலியும் சீழும் காய்ச்சலும் உண்மை. ஆனால் சிலந்தி என்று பெயர் வைத்த அந்த நிமிடமே எல்லோரும் வேறு காரணம் தேடுவதை விட்டுவிடுகிறார்கள். தொல்லை திரும்பத் திரும்ப வருவதற்குப் பெரும்பாலும் அதுதான் வழிவிடுகிறது.

"கடித்த சிலந்தியைக் கண்ணால் பார்த்தீர்களா அம்மா?" என்று கேட்பேன். "இல்லை சிஸ்டர், காலையில் எழுந்து பார்த்தால் இரண்டு புள்ளி இருந்தது." இரண்டு புள்ளியை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. ஆஸ்திரேலியாவில் கடித்த சிலந்தியையும் கையோடு பிடித்து, நிபுணர்கள் இனம் கண்ட 750 கடிகளை ஆராய்ந்து 2002ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். அவற்றில் ஒன்றுகூடச் சதை அழுகும் புண்ணாக மாறவில்லை. அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்து வீடு ஒன்றில், சதையை அழுக வைக்கும் விஷமுள்ள சிலந்திகளை ஆறே மாதத்தில் 2,055 பிடித்தார்கள். அந்த வீட்டில் குடியிருந்த ஒருவரையும் அவை கடித்திருக்கவில்லை.

இங்கே ஆபத்தான சிலந்தியே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. தென்னாப்பிரிக்காவில் வயலின் சிலந்தி உண்டு. அதன் ஒரு வகை ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கத்து வீடுகளுக்குள்ளேயே வாழ்கிறது. அது கடித்தால் தோல் கறுத்து, குழி விழுந்து, ஆற வாரக்கணக்கில் ஆகலாம். ஆனால் நம் வீடுகளில் பழியைச் சுமப்பது பெரும்பாலும் சாக் சிலந்திதான். வெளிர் நிறம், கறுத்த முகம், இரவில் நடமாட்டம், திரைச்சீலை மடிப்பில் பட்டுக்கூடு. இதே பேரினத்துச் சிலந்திகள் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கடித்ததாக உறுதியான சம்பவங்களை 2006இல் தொகுத்துப் பார்த்தார்கள். வலி இருந்தது, சிவப்பு இருந்தது; சதை அழுகல் ஒன்றிலும் இல்லை.

அப்படியானால் அந்தப் புண் என்ன? நம் நாட்டில் முதலில் சந்தேகப்பட வேண்டியது உண்ணிக் காய்ச்சல். ட்ராக்கன்ஸ்பர்க் மலைக்கோ ஷ்லுஷ்லுவே காட்டுக்கோ போய் வந்து ஒரு வாரம் கழித்துத் தலை பிளக்கும் வலி, காய்ச்சல், தொடையிடுக்கில் நெறி, எங்கோ ஓரிடத்தில் நடு கறுத்த சின்னப் பொருக்கு. அந்தக் கறுப்பைப் பார்த்ததும் சிலந்தி என்று சொல்லிவிடுகிறார்கள். டாக்ஸிசைக்ளின் மாத்திரைக்குச் சட்டென்று அடங்கும் நோய் இது. சிலந்தி என்று எண்ணிக் களிம்பு தடவிக்கொண்டிருந்தால் அடங்காது. தோட்ட வேலை செய்பவர்களுக்கு இன்னொன்று. முள் குத்திய விரலில் ஒரு கட்டி, பிறகு முன்கையில் வரிசையாக மேலேறும் கட்டிகள். ஸ்போரோட்ரிக்கோசிஸ் என்ற பூஞ்சைத் தொற்று. 1940களின் தொடக்கத்தில் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்களில் முட்டுக்கொடுத்த மரங்களில் இந்தப் பூஞ்சை படர்ந்து, ஏறத்தாழ 3,000 தொழிலாளர்களுக்கு நோய் கண்டது. இதற்குப் பூஞ்சை மருந்தை மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். சாதாரண ஆன்டிபயாடிக் எத்தனை டப்பா தீர்ந்தாலும் பயனில்லை.

இரண்டாவது பெரிய தவறு, விஷம் இரத்தத்தில் தங்கிவிட்டது என்ற நம்பிக்கை. சிலந்தி செலுத்தும் விஷம் மிகமிகச் சிறிய அளவு. உடம்பு அதைச் சிதைத்துவிடும்; பல மாதம் ஒளிந்திருந்து பிறகு கிளம்புவதில்லை. உண்மையாகவே சிலந்தி கடித்திருந்தாலும், பின்னால் திரும்பத் திரும்ப வருவது வேறு ஏதோ ஒன்று. அதற்கு ஒரு பெயர் இருக்கும், பெரும்பாலும் ஒரு மருந்தும் இருக்கும். விஷம் என்று நம்பிக்கொண்டு "இரத்தம் சுத்தம் செய்ய" பேதி மருந்தும் பத்தியமும் எடுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. உடம்பு புண்ணை ஆற்றுவதற்குப் புரதம் தேவைப்படும் நேரத்தில் கஞ்சியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

திரும்ப வருவதில் முதலிடம் சர்க்கரை நோய்க்கு. தென்னாப்பிரிக்க இந்தியர்களிடையே இது எவ்வளவு அதிகம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எந்தக் குடும்பத்திலும் ஒருவராவது இருப்பார். ஒரு பெண்மணியின் முழங்காலுக்குக் கீழே, எலும்பை ஒட்டிய இடத்தில் புண். கட்டைப் பிரித்தபோது துணியோடு மஞ்சள் கசிவு ஒட்டிக்கொண்டு வந்தது. ஓரமெல்லாம் வெளுத்து ஊறிப்போன தோல். நடுவே சிவப்பாக இருக்க வேண்டிய சதை சாம்பல் பூத்திருந்தது. ஆறி ஆறி உடைந்த புண். நான் இடுக்கியால் தொட்டபோது அவருக்கு வலிக்கவே இல்லை. எனக்கு அதுதான் உறுத்தியது. விரலில் குத்திப் பார்த்ததில் சர்க்கரை 19. அதுவரை யாரும் பார்த்திருக்கவில்லை. சிலந்திக்கடிக்குச் சர்க்கரை எதற்குப் பார்ப்பானேன் என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். (இந்தியாவிலிருந்து வரும் குறிப்புகளைப் படிப்பவர்கள் கவனிக்க: அங்கே வெறும் வயிற்றில் 126 என்பதும் இங்கே 7 என்பதும் ஒன்றே. அலகுதான் வேறு. 19 என்பதைக் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள்.) புண் இரண்டாம் முறை உடைந்தால், மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் சர்க்கரை நோய்க்கும் சேர்த்துத்தான் மருத்துவம்.

சர்க்கரை சரியாக இருந்தும் கொப்புளம் போலக் கட்டி கட்டியாக வந்துகொண்டே இருந்தால், ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி மூக்குக்குள்ளேயோ தோலிலேயோ குடியிருக்கலாம். வீட்டில் இன்னொருவருக்கும் கட்டி வந்ததா என்று யோசியுங்கள். ஒரே துவாலையை நான்கு பேர் பயன்படுத்தும் வீட்டில் ஒரே கிருமி சுற்றிச் சுற்றி வரும். அந்த வீட்டில் சிலந்தி எல்லோரையும் முறைவைத்துக் கடித்திருக்க வாய்ப்பில்லை.

இன்னொரு வகை, கால் திடீரென்று சிவந்து, சூடேறி, குளிர்காய்ச்சலோடு வீங்குவது. முதல் தொற்றில் நிணநீர்க் குழாய்கள் பழுதாகிவிட்டால் அந்தக் காலில் நீர் தேங்கும். தேங்கிய இடத்தில் அடுத்த தொற்று எளிதாகப் பற்றும். கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் இருந்தால் கிருமிக்கு அதுவே வாசல். எனவே சேற்றுப்புண்ணுக்கு மருந்து போடாமல் மேலே இருக்கும் பழைய தழும்பையே பார்த்துக்கொண்டிருப்பது தவறு. அடிக்கடி வருபவர்களுக்குக் குறைந்த அளவு பென்சிலினை நீண்ட நாள் கொடுத்துத் தடுக்கும் முறை உண்டு; டாக்டரிடம் கேளுங்கள்.

அறுத்து எடுத்துவிடுங்கள் என்று பிடிவாதம் பிடிப்பதும் ஆபத்து. பயோடெர்மா காங்கிரினோசம் என்று ஒரு நோய். ஊதா நிற ஓரம், அடியில் குடைந்துபோகும் புண், கடுமையான வலி. பார்வைக்கு அப்படியே சிலந்திக்கடி. குடல் அழற்சியோ முடக்குவாதமோ உள்ளவர்களுக்கு வர வாய்ப்பு கூடுதல். இது தொற்று இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குவது. அறுக்க அறுக்கப் பெரிதாகும். அறுவை முடிந்த ஒவ்வொரு முறையும் புண் முன்னைவிட அகலமானால், அதை வாய்விட்டுச் சொல்லித் தோல் மருத்துவரிடம் அனுப்பச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் ஆறாத புண்ணில் சிறு துண்டு எடுத்துச் சோதிக்கச் சொல்வதும் நியாயமே. காசநோயும், அரிதாகப் புற்றும் அதற்குள் இருக்கலாம்.

வீட்டு வைத்தியம் பற்றிச் சொன்னால் மூத்தவர்களுக்குக் கோபம் வருகிறது. இருந்தாலும் சொல்கிறேன். திறந்த புண்ணில் சுண்ணாம்பு, ப்ளீச், நீர்க்காத டெட்டால் எதுவும் வேண்டாம். புதிதாக வளரும் சதையை அவை கொன்றுவிடும். இங்கே பலர் வேப்பிலை என்று பறித்து அரைப்பது சிரிங்கா மரத்து இலை. அதைத் தமிழ்நாட்டில் மலைவேம்பு என்பார்கள். மாரியம்மனுக்குச் சாற்றட்டும், புண்ணுக்குள் வைக்க வேண்டாம். புண்ணைக் காற்றாட விட்டுக் காயவைப்பதும் பழைய பழக்கம். மிதமான ஈரத்தோடு சுத்தமாக மூடிய புண்தான் விரைவில் ஆறும்.

காவடியும் தீமிதியும் வரும் நாட்களில் என்னிடம் ரகசியமாகக் கேட்பார்கள்: "வேண்டுதல் இருக்கிறதே சிஸ்டர், வெறுங்காலோடு நடக்கலாமா?" சர்க்கரை உள்ள காலில் திறந்த புண்ணோடு நடக்கக் கூடாது. அம்மன் அடுத்த ஆண்டும் அங்கேதான் இருப்பாள். கோயில் பெரியவர்களிடம் பேசி வேண்டுதலைத் தள்ளிவைத்தவர்களை எனக்குத் தெரியும். ஒருவரும் அவர்களைக் குறையாகப் பேசவில்லை. சிலந்தி பற்றிய பயத்தையும் அலட்சியப்படுத்தாதீர்கள். படுக்கை விரிப்பை இரவில் பலமுறை உதறுவது, தூக்கம் கெடுவது, அறை முழுக்கப் பூச்சி மருந்து அடித்துப் பிள்ளைகளுக்கு மூச்சிரைப்பு வரவழைப்பது எல்லாம் நடக்கிறது. அந்தப் பயம் தானாகப் போகாவிட்டால் அதற்கும் சிகிச்சை கேட்கலாம்.

இங்கே உள்ள இன்னொரு விஷச் சிலந்தியான கறுப்பு பட்டன் சிலந்தியின் கதை முற்றிலும் வேறு. அது கடித்தால் புண் பெரிதாக இராது. ஒரு மணி நேரத்துக்குள் அக்குளிலோ தொடையிடுக்கிலோ வலி, கொட்டும் வியர்வை, பலகை போல இறுகும் வயிறு. விஷம் நரம்பு நுனிகளில் வேலை செய்கிறது. இங்கே புண் எங்கே என்று தேடி நேரம் கடத்துவதுதான் தவறு, உடனே மருத்துவமனை. இதற்கு முறிவு மருந்து உண்டு, ஜோகன்னஸ்பர்க்கில் குதிரை இரத்தத்திலிருந்து தயாராகிறது. குணமான பிறகும் சில வாரம் அசதி, தசை வலி, விறுவிறுப்பு இருக்கலாம். முறிவு மருந்து ஏறி ஒன்று, இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல், மூட்டுவலி, தடிப்பு வந்தால் அது பெரும்பாலும் அந்தக் குதிரைப் புரதத்துக்கு உடம்பு காட்டும் எதிர்வினை. விஷம் திரும்பியதாக எண்ணிப் பதற வேண்டாம், ஆனால் டாக்டரிடம் போக வேண்டும். முறிவு மருந்து ஏறிய தேதியை ஒரு அட்டையில் எழுதிப் பணப்பையில் வையுங்கள். இந்த நாட்டுப் பாம்புக்கடி முறிவு மருந்தும் குதிரையிலிருந்துதான் வருகிறது. கரும்புக் காட்டோரம் வசிக்கும் ஒருவருக்கு நாளை அது தேவைப்பட்டால், கடும் ஒவ்வாமை வரக்கூடும் என்று மருத்துவர் முன்கூட்டியே ஆயத்தமாக இருக்க அந்த அட்டை உதவும்.

பாதி மாத்திரையோடு நிறுத்தி மீதியை அடுத்த முறைக்கு என்று அலமாரியில் வைப்பது, ஒவ்வொரு முறையும் வேறு கிளினிக்குக்குப் போய்ப் புதிதாகக் கதை சொல்வது, இவை இரண்டும் நோயைக் கண்டுபிடிக்க விடாமல் செய்கின்றன. சீழ் இருக்கும்போதே, அடுத்த ஆன்டிபயாடிக்கை விழுங்குவதற்கு முன், பஞ்சில் எடுத்துச் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை, புண்ணின் மேல் படாமல் பக்கத்தில் ஒரு ஐந்து ராண்ட் நாணயத்தைப் பிடித்துப் படம் எடுங்கள். பெரிதாகிறதா சிறிதாகிறதா என்று நாணயம் காட்டிவிடும். சிவப்பின் எல்லையைப் பேனாவால் வரைந்து வையுங்கள். சில மணி நேரத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டினாலோ, பார்வைக்குத் தெரிவதைவிட வலி பன்மடங்கு இருந்தாலோ, கருநீலக் கொப்புளம் எழும்பினாலோ, சிறுநீர் கறுத்தாலோ விடியும்வரை காத்திராதீர்கள்.

அடுத்த முறை சிலந்தி கடிப்பதை உண்மையாகவே கண்டால், நசுக்கிக் குப்பையில் போடாமல் சின்னப் புட்டியில் ஸ்பிரிட் ஊற்றி அதில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். நசுங்கியிருந்தாலும் கொண்டுபோகலாம். என்ன செய்வதென்று தெரியாவிட்டால், வெஸ்டர்ன் கேப் விஷத் தகவல் உதவி எண் 0861 555 777. இரவும் பகலும் எடுப்பார்கள், டர்பனிலிருந்தும் அழைக்கலாம்.