புள்ளலூர்ப் போரை லெகோவில் கட்டுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

கும்பினி (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி) காலப் போர்களை லெகோ பொம்மைக் கட்டிகளில் கட்டும் இளைஞர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் நாங்கள் தொடங்கிய காலத்தில் எங்கெங்கே சறுக்கினோமோ, அங்கேயேதான் இவர்களும் சறுக்குகிறார்கள். அதிகம் பேர் கையில் எடுப்பது புள்ளலூர் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். 1780 செப்டம்பர் 10 அன்று, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், கும்பினியின் கர்னல் வில்லியம் பெய்லியின் படையை மைசூரின் ஹைதர் அலியும் அவர் மகன் திப்புவும் சுற்றி வளைத்து முறியடித்த போர் அது. ஆங்கிலேயர் பொள்ளிலூர் என்று எழுதி வைத்தார்கள்.

பேஸ்பிளேட் என்கிற அடித்தட்டு வளைவது, சுவர் ஆடுவது, சிவப்பு பிரிக் (கட்டி) இரண்டு சாயலில் வந்து சேர்வது எல்லாம் கட்டத் தொடங்கினாலே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சிவப்புக் கோட்டு போட்டவன் எல்லாம் வெள்ளைக்காரன் என்று நினைப்பது

பணமும் போய், காட்சியும் பொய்யாகிற தவறு இது. இன்றைக்கும் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

புள்ளலூர் கட்ட வேண்டும் என்று முடிவு செய்ததும் எல்லோரும் முதலில் தேடுவது லெகோவின் பழைய கடற்கொள்ளையர் வரிசையில் வந்த சிவப்புக் கோட்டு வீரர்களை. 1992இல் வந்தவை. மார்பில் வெள்ளைக் குறுக்குப் பட்டை, தலையில் உயரமான கறுப்புத் தொப்பி, மஞ்சள் முகம். உற்பத்தி நின்று பல காலம் ஆகிவிட்டதால் விலை ஏறிக் கிடக்கிறது. தெரிந்த தம்பி ஒருவர் அவற்றை வெளிநாட்டு விற்பனையாளர்களிடமிருந்து மொத்தமாக வாங்கினார். சுங்கவரியும் கட்டினார். சதுர வியூகம் வகுத்து, நாலு பக்கமும் வரிசையாக நிறுத்திப் படம் அனுப்பினார். கட்டுமானத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் புள்ளலூரில் அப்படி ஒரு படை நிற்கவே இல்லை.

பெய்லியிடம் இருந்தவர்கள் ஏறக்குறைய 3,800 பேர். அதில் ஐரோப்பியர் சிறுபகுதிதான். மற்றவர்கள் எல்லாம் கும்பினியின் சென்னை ராணுவத்துச் சிப்பாய்கள், நம் ஊர்க்காரர்கள். அவர்கள் போட்டிருந்ததும் சிவப்புக் கோட்டுதான். ஆனால் தலையில் தலைப்பாகை, இடுப்பில் தொடை வரைக்குமான வெள்ளைக் கால்சட்டை, அதற்குக் கீழே வெறுங்கால். அந்த உயரமான கறுப்புத் தொப்பியோ, பிரிட்டிஷ் ராணுவத்துக்கே 1800 வாக்கில்தான் வந்தது. ஆகவே புள்ளலூரில் அதை ஆங்கிலேயன் தலையில் வைத்தாலும் தப்பு, நம் சிப்பாய் தலையில் வைத்தாலும் தப்பு.

தொப்பிதானே என்று தள்ளிவிடாதீர்கள். இதே சென்னை ராணுவத்தில், புள்ளலூருக்கு 26 வருடம் கழித்து, தோல் குஞ்சம் வைத்த தொப்பி மாதிரியான புதுத் தலைப்பாகையைப் போடச் சொன்னார்கள். நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது என்றும் உத்தரவு வந்தது. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் துப்பாக்கியைத் திருப்பியதற்கு அது முக்கியக் காரணம். உயிரைக் கொடுத்து மறுத்த தொப்பியை அதே படையின் தலையில் நாம் வைக்கலாமா?

சரி, எப்படிச் செய்வது? அந்தச் சிவப்புக் கோட்டு உருவத்தில் உடம்புப் பகுதியை மட்டும் தனியாக வாங்குங்கள். முழு உருவத்தைவிட மலிவு. தலைக்குத் தலைப்பாகைத் துண்டு தனியாகவே கிடைக்கிறது. காலுக்கு, மேலே ஒரு நிறமும் கீழே ஒரு நிறமுமாக வார்த்த கால்கள் வருகின்றன. வெள்ளையும் பழுப்பும் சேர்ந்தது அமைந்தால் அரைக்கால் சட்டை அப்படியே வந்துவிடும். முகத்தில் ஒரு கண்டிப்பு வேண்டும்: எல்லோருக்கும் மஞ்சள், அல்லது எல்லோருக்கும் அவரவர் நிறம். கும்பினிப் படை முழுக்க மஞ்சள், மைசூர்ப் படை முழுக்கப் பழுப்பு என்று பிரித்தீர்களானால், இரண்டு பக்கமும் நம் ஆட்கள் நின்று செத்த போரை வெள்ளைக்காரனும் இந்தியனும் மோதிய போராக மாற்றிவிடுகிறீர்கள். அதைப் பார்க்கிற குழந்தை அப்படியே நம்பிக்கொண்டு போகும்.

ராக்கெட்டை ஏவுகணையாக்குவது

மைசூர் ராக்கெட்டின் இரும்புக் குழாய் ஏறக்குறைய ஒரு சாண் நீளம்தான். 2018இல் ஷிவமொக்கா மாவட்டத்தில் ஒரு பாழுங்கிணற்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேல் எடுத்தார்கள். அவையும் அந்த அளவையொட்டியவையே. அதைக் கட்டியிருந்த மூங்கில்தான் நீளம். மினிஃபிகர் என்கிற லெகோ ஆள் பொம்மை தொப்பி இல்லாமல் 4 செ.மீ. உயரம். அதை ஓர் ஆளின் உயரமாக வைத்தால் குழாய் அரை செ.மீ.க்குக் கொஞ்சம் மேலே வரும், மூங்கில் ஆள் உயரத்துக்குக் குறையாமல் நிற்கும். உருண்டை பிரிக்குகளை அடுக்கி, கூர்முனை வைத்து, பக்கத்தில் இறக்கை ஒட்டினால் அது ஶ்ரீஹரிகோட்டா.

முழுப் போரையும் கட்டப் பார்ப்பது

48க்கு 48 ஸ்டட் (மேலே இருக்கும் குமிழ்) பேஸ்பிளேட் 38 செ.மீ. சொச்சம்தான். ஒரு கணத்தைப் பிடியுங்கள். கும்பினியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துப் பெய்லியின் சதுர வியூகம் உடைகிற கணம் போதும். கும்பினியின் இன்னொரு தளபதி ஹெக்டர் மன்றோ பெரிய படையோடு சில மைல் தள்ளிக் காஞ்சிபுரத்தில் இருந்தும் உதவிக்கு வந்து சேரவில்லை. பிறகு பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். அதுவும் வேண்டும் என்றால் தனிக் காட்சியாக வையுங்கள்.

சுவரோவியத்தை நகலெடுப்பது

ஶ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இந்தப் போரைத் திப்பு தீட்டவைத்தார். பெய்லி பல்லக்கில் இருக்கிறார், வண்டி வெடிக்கிறது, எல்லாம் உண்டு. அவசியம் போய்ப் பாருங்கள். ஆனால் அது வென்றவர் வரையச் சொன்ன படம், பின்னாளில் மறுபடியும் தீட்டப்பட்டதும்கூட. யார் எங்கே நின்றார்கள் என்பதற்கு அதை நம்பலாம். உடைக்கும் முகத்துக்கும் வேண்டாம்.

தென்னந்தோப்பு

லெகோவில் கிடைப்பது தென்னை ஓலை. காஞ்சிபுரத்துச் சமவெளிக்குப் பனை நடுங்கள்.

சிவப்புத் துண்டுகளை ரத்தமாகச் சிதறவிடுவது

வேண்டாம்.

பசை

தொடவே தொடாதீர்கள். 1781 ஜூலை 1இல் கும்பினித் தளபதி அயர் கூட் ஹைதரைத் தோற்கடித்த பரங்கிப்பேட்டைப் போருக்கு இதே தலைப்பாகைகளும் இதே சிவப்புக் கோட்டுகளும் தேவைப்படும்.