ஒவ்வொரு மாணவரோடும் தனியாக ஐந்து நிமிடம்: வாசிப்பு, எழுத்துச் சந்திப்புகளை நடத்துவது எப்படி?

ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்து, அவர்கள் என்ன வாசிக்கிறார்கள், என்ன எழுதுகிறார்கள் என்று நாலு வார்த்தை பேச வேண்டும் என்ற ஆசை எல்லா ஆசிரியருக்கும் இருக்கும், நேரம்தான் கிடைப்பதில்லை. நேரத்துக்கு வழி இருக்கிறது, சொல்கிறேன். அதற்கு முன் ஒன்றை மட்டும் மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: ஒரு சந்திப்பில் ஒரே ஒரு விஷயம்தான் கற்றுத்தர வேண்டும். கண்ணில் படும் பிழையையெல்லாம் ஒரே நாளில் திருத்தப் பார்ப்பதால்தான் பலருக்கு இது இரண்டே வாரத்தில் அலுத்துப்போகிறது, பிள்ளைகளுக்கும் பயம் வந்துவிடுகிறது.

படி 1: மற்றவர்களுக்கு வேலை

நீங்கள் ஒருவரோடு பேசும்போது மீதிப் பேர் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அதனால் முதல் ஒரு வாரம் யாரையும் தனியாகக் கூப்பிட வேண்டாம். எல்லோரும் இருபது நிமிடம் அமைதியாக வாசிக்கவும் எழுதவும் மட்டும் பழகட்டும். பென்சில் முனை உடைந்தால் என்ன செய்வது, ஒரு சொல் புரியாவிட்டால் யாரிடம் கேட்பது, எழுதி முடித்துவிட்டால் அடுத்து என்ன என்ற மூன்றுக்கும் பதிலைப் பலகையில் எழுதிப் போடுங்கள், ஏனென்றால் நடுவில் வந்து உங்கள் தோளைத் தட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த மூன்றில் ஒன்றுக்காகத்தான் வருவார்கள்.

படி 2: கணக்கு

30 பேர் இருக்கிற வகுப்பு என்றால் ஒரு நாளைக்கு நாலு பேர், ஆளுக்கு ஐந்து நிமிடம். எட்டு வேலை நாளில் ஒரு சுற்று முடிந்துவிடும். தடுமாறுகிற பிள்ளைகளை இடையில் இன்னொரு தடவை பார்க்கலாம், ஆனால் நன்றாகப் படிக்கிற, சத்தமே போடாத பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள், பட்டியலில் எப்போதும் தவறிப்போவது அவர்கள்தான். அன்றைக்கு யார் யார் என்று காலையிலேயே பெயர் எழுதி வைத்துவிட்டால் "எனக்கு எப்போ?" என்ற கேள்வி குறையும். அப்புறம், பிள்ளையை உங்கள் மேசைக்கு அழைக்காமல் நீங்களே ஒரு சின்ன நாற்காலியோடு அவர்கள் இடத்துக்குப் போங்கள். வகுப்பு முழுவதும் உங்கள் பார்வையில் இருக்கும், பக்கத்தில் இருக்கிற இரண்டு பேர் காதிலும் பாடம் விழும்.

படி 3: முதலில் கேளுங்கள்

"எழுதுவது எப்படிப் போகிறது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். இதுதான் ரொம்பக் கஷ்டம். 1970களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் கவனித்துச் சொன்னது இது: ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் ஏறக்குறைய ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், அதையே மூன்று விநாடியாக்கினால் மாணவர்களின் பதில் நீள்கிறது, வாயே திறக்காதவர்களும் பேசத் தொடங்குகிறார்கள். மனதுக்குள் மெதுவாக மூன்று வரை எண்ணுங்கள், போதும்.

"ஒன்றுமில்லை", "நல்லாத்தான் போகுது" என்று சொல்லி நிறுத்திக்கொண்டால், "இதில் உனக்குப் பிடித்த வரியைக் காட்டு" என்று கேளுங்கள். கை தானாக நோட்டின் பக்கம் போகும்.

படி 4: எழுத்துச் சந்திப்பு

ஒரு பிள்ளை இப்படி எழுதியிருக்கிறது என்று வையுங்கள்: "நாங்கள் கடலுக்கு போனோம். ஜாலியாக இருந்தது. திரும்பி வந்தோம்." சிவப்புப் பேனா வேண்டாம். "கடலுக்குப்" என்று வல்லினம் மிக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும், இன்றைக்கு அதை விட்டுவிடுங்கள். "கடலில் என்ன ஆச்சு?" என்று கேட்டால், அலை வந்து தன் ஒரு செருப்பை இழுத்துக்கொண்டு போனதையும், அண்ணன் பின்னாலேயே ஓடியதையும், இன்னொரு செருப்பைக் கையில் பிடித்தபடி தான் அழுததையும் மூச்சுவிடாமல் சொல்லும். "இப்போது என்னிடம் சொன்னாயே, அதை அப்படியே இந்த இரண்டாவது வரிக்குப் பதிலாக எழுது" என்று சொல்லி, நீங்கள் எழுந்துபோவதற்கு முன்பே முதல் வாக்கியத்தை அங்கேயே எழுத வையுங்கள். அன்றைய பாடம் அவ்வளவுதான். நடந்ததை விவரமாக எழுதப் பழகிய பிள்ளைக்கு ஒற்றுப்பிழை இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம். பேனா மட்டும் பிள்ளை கையிலேயே இருக்கட்டும், நீங்கள் எழுதிக் கொடுத்தால் அது உங்கள் கட்டுரையாகிவிடும்.

படி 5: வாசிப்புச் சந்திப்பு

பிள்ளை கையில் இருக்கிற புத்தகத்திலிருந்தே ஒரு பத்தியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். நியூசிலாந்தைச் சேர்ந்த மேரி கிளே உருவாக்கிய முறையில், சரியாக வாசித்த ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு டிக் போட்டு, தவறினால் பிள்ளை என்ன சொன்னதோ அதை எழுதிக்கொள்வார்கள். நூறு சொல்லில் 95 அல்லது அதற்கு மேல் சரியாக இருந்தால் அது எளிதான புத்தகம், 90 முதல் 94 வரை என்றால் ஆசிரியர் துணையோடு படிக்க ஏற்றது, அதற்குக் கீழே போனால் கடினம். இந்த எண்கள் ஆங்கில வாசிப்பை வைத்து வந்தவை, தமிழில் ஒரே சொல்லில் நாலு உருபு ஒட்டிக்கொண்டு நிற்பதால் இவற்றைக் குத்துமதிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணைவிட பிழை எந்த வகை என்பதுதான் முக்கியம். "வீட்டிற்கு" என்பதை "வீட்டுக்கு" என்று வாசித்தால் பொருள் மாறவில்லை, விட்டுவிடலாம். "மழை பெய்தது" என்பதை "மலை பெய்தது" என்று வாசித்துவிட்டு நிற்காமல் போகிறது என்றால், எழுத்தைக் கூட்டுகிறது, பொருளைக் கவனிக்கவில்லை. உடனே திருத்தாமல் வாக்கியம் முடியட்டும், அப்புறம் "நீ வாசித்தது பொருந்துகிறதா, திரும்பிப் பார்" என்று கேளுங்கள். தானே கண்டுபிடித்துவிட்டால் எப்படிக் கண்டுபிடித்தது என்று அதன் வாயாலேயே சொல்ல வையுங்கள், அன்றைய ஒரே விஷயம் அதுதான்.

படி 6: ஒரு வரிக் குறிப்பு

ஒரு நோட்டில் பிள்ளைக்கு ஒரு பக்கம். தேதி, எது நன்றாக இருந்தது, எதைக் கற்றுத்தந்தீர்கள், அவ்வளவு போதும். எழுந்துபோவதற்கு முன் "அடுத்த தடவை நான் வரும்போது எதைக் காட்டப்போகிறாய்?" என்று கேட்டு, பிள்ளை சொல்லும் பதிலையும் அதே வரியில் சேருங்கள். அடுத்த சந்திப்பு அந்த வரியைப் படித்துக்காட்டித்தான் தொடங்க வேண்டும். ஒரே குறிப்பு ஐந்தாறு பக்கங்களில் திரும்பத் திரும்ப வருகிறதென்றால் அதைத் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம், அந்த ஐந்தாறு பேரையும் ஒன்றாக உட்கார வைத்து ஒரே தடவையில் சொல்லிக்கொடுத்துவிடுங்கள், மிச்சமாகும் நேரம் அடுத்த சுற்றுக்கு.