பி.ஆர்.பி. ஊசிக்கு முகத்தைக் கொடுக்கும் முன்

உங்கள் ரத்தத்தையே எடுத்து, அதில் தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவும் நுண்ணிய அணுக்கள்) செறிந்த பகுதியைப் பிரித்து முகத்தில் ஊசியாகப் போடுவதுதான் பி.ஆர்.பி. முகப்பொலிவுக்காக அதைப் போட்டுக்கொள்ள வருபவர்கள் எத்தனை சிட்டிங், எவ்வளவு செலவு என்று துருவித் துருவிக் கேட்கிறார்கள். ஊசிக்குள் இருப்பது என்ன என்று மட்டும் கேட்பதில்லை. மேக்கப் போடாமல் வாருங்கள் என்பதையெல்லாம் எல்லா இடத்திலும் சொல்லிவிடுவார்கள். அதை இங்கே விட்டுவிட்டு, பலர் சறுக்கும் இடங்களைப் பார்க்கலாம்.

மஞ்சளாக இருப்பதெல்லாம் பி.ஆர்.பி. என்று நம்புவது

பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். எடுத்த ரத்தம் இருக்கும் சோதனைக் குழாயை இயந்திரத்தில் வைத்துச் சுழற்றினால் அடியில் சிவப்பணுக்கள் படியும். அதன்மேல் ஒரு மெல்லிய வெண்படலம், அதற்கும் மேல் வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி. தட்டணுக்கள் திரண்டிருப்பது வெண்படலத்தை ஒட்டி. மேலே தெளிந்து நிற்பதில் அவை குறைவு. ஆனால் அதுவும் மஞ்சள்தான். சிரிஞ்சில் ஏறிய பிறகு கண்ணால் பிரித்தறிய முடியாது.

எனவே கணக்குப் போடுங்கள். ரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்குத் தட்டணுக்கள் சுமார் 1.5 முதல் 4.5 லட்சம். பி.ஆர்.பி.யில் 10 லட்சம் என்பது பரவலாக வைக்கப்படும் இலக்கு. 10 மி.லி. ரத்தம் எடுத்து 5 மி.லி. பி.ஆர்.பி. தருகிறோம் என்றால், ஒரு தட்டணுகூட வீணாகாவிட்டாலும் செறிவு இரண்டு மடங்கைத் தாண்டாது. உங்களுக்கு 2 லட்சம் இருந்தால் கிடைப்பது 4 லட்சம். அது வெறும் பிளாஸ்மாவுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

இருமுறை சுழற்றும் முறையில் முதல் சுற்று மெதுவாக, சிவப்பணுக்களைப் பிரிக்க. இரண்டாவது வேகமாக, தட்டணுக்களை அடியில் திரட்ட. பிறகு மேல் மூன்றில் இரண்டு பங்கை நீக்கிவிட்டு, மிஞ்சியதை மெல்ல அசைத்துக் கலக்க வேண்டும். குலுக்கினால் தட்டணுக்கள் முன்கூட்டியே தூண்டப்பட்டுக் கட்டிக்கொள்ளும். எடுத்தது இளஞ்சிவப்பாக இருந்தால் சிவப்பணுக்கள் கலந்திருக்கின்றன. எரிச்சலும் வீக்கமும் கூடும்.

தட்டணு எண்ணிக்கையைக்கூடப் பார்க்காமல் மூன்று சிட்டிங் முடித்துவிட்டு, “எனக்கு மட்டும் ஏன் மாற்றமே இல்லை” என்று கேட்பவர்களைப் பார்த்தால் ஆத்திரம்தான் வருகிறது, அவர்கள்மீது அல்ல. ஊசி போடுபவரிடம் கேளுங்கள்: எவ்வளவு ரத்தம் எடுப்பீர்கள், எவ்வளவு பி.ஆர்.பி. கிடைக்கும், எத்தனை மடங்கு செறிவு? பதில் எண்ணில் வரவேண்டும்.

வீக்கத்தைப் பலன் என்று எண்ணுவது

அன்று மாலையே கண்ணுக்குக் கீழே பள்ளம் நிறைந்ததுபோல் தெரியும். அது உள்ளே போன திரவம். சில நாளில் வடிந்துவிடும். தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜன் உருவாக வாரங்கள் ஆகும். வழக்கமாக மாத இடைவெளியில் 3 சிட்டிங். முடிந்து மூன்று மாதம் கழித்து, ஒரே வெளிச்சத்தில் எடுத்த படங்களை ஒப்பிடுங்கள்.

ஃபில்லர், போடாக்ஸ் வேலையை எதிர்பார்ப்பது

பள்ளத்தை நிரப்பும் ஃபில்லர், தசையைத் தளர்த்திச் சுருக்கத்தைக் குறைக்கும் போடாக்ஸ், இவற்றின் வேலையை பி.ஆர்.பி. செய்யாது.

மாத்திரைகளைச் சொல்லாமல் விடுவது

ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் தட்டணுக்களின் வேலையைத் தடுப்பவை. வலிக்காக எடுப்பதை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். இதயத்துக்காக மருத்துவர் தந்ததை நீங்களாக நிறுத்தவே கூடாது. கர்ப்பம், புற்றுநோய், முகத்தில் கிருமித்தொற்று இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள்.

பெயர் ஒட்டாத குழாய்

எழுந்து வந்துவிடுங்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், உரிமம் இல்லாமல் இந்தச் சிகிச்சை செய்த ஒரு ஸ்பா 2018-இல் மூடப்பட்டது. அங்கே ரத்தம் இருந்த, பெயர் எழுதாத சோதனைக் குழாய்கள் கிடந்தன, வாடிக்கையாளர்களுக்கு எச்.ஐ.வி. பரவியதும் தெரியவந்தது. உங்கள் பெயரும் நேரமும் குழாயில் உங்கள் முன்னாலேயே எழுதப்பட வேண்டும், ஊசியின் உறையும் உங்கள் முன்னாலேயே பிரிக்கப்பட வேண்டும்.