முன்கால் முதலில், பின்கால் கூடவே

குத்துச்சண்டையில் ஆரம்பத்திலேயே சொல்லித் தருவது இதுதான்: முன்னே போக முதலில் முன்காலை வை, பின்காலை அதே அளவு இழுத்துக்கொள். கால்கள் பின்னிக்கொள்ளக் கூடாது. சீனாவின் சிங்யீசுவான் (சுருக்கமாக சிங்யீ) என்ற தற்காப்புக் கலையிலும் கிட்டத்தட்ட இதே நடைதான். 19ஆம் நூற்றாண்டில் ஹெபெய் மாகாணத்தில் வாழ்ந்த குவோ யுன்ஷென், இந்த அரையடி நடையோடு விடும் பெங்சுவான் என்ற நேர்குத்தாலேயே பேர் வாங்கியவர். 1919 முதல் 1926 வரை குத்துச்சண்டை ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்த ஜாக் டெம்ப்சியும் கைபலத்தை நம்பவில்லை. முன்காலோடு சேர்ந்து விழும் உடல் எடைதான் குத்தின் வலு என்றார்.

சரி, வீட்டில் எப்படிப் பழகுவது? தரையில் சாக்பீஸால் நீளமாக ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு ஒரு பக்கம் முன்கால், மறுபக்கம் பின்கால். செருப்பு வேண்டாம். பத்து அடி முன்னே போய் அப்படியே நின்று குனிந்து பாருங்கள். கால்களுக்கு நடுவே இடைவெளி கூடியிருந்தால் பின்கால் சோம்பல்படுகிறது என்று அர்த்தம். பெரும்பாலோருக்கு முதல் நாள் அப்படித்தான் ஆகும்.

அப்புறம் குத்தைச் சேருங்கள். சிங்யீயில் கையும் காலும் ஒரே நொடியில் போய்ச் சேர வேண்டும். டெம்ப்சி முறையில் பாதம் தரையைத் தொடுவதற்குள் குத்து பட்டுவிட வேண்டும். பாதம் 'டப்' என்று விழுந்த பிறகு கை போனால் எடை முழுக்கத் தரைக்குப் போய்விட்டது.

ஒன்றில் மட்டும் கவனம்: சிங்யீ நிலையில் எடை பெரும்பாலும் பின்காலில் நிற்கும், குத்துச்சண்டையில் பின்குதிகால் லேசாகத் தூக்கியிருக்கும். இரண்டையும் ஒரே நாளில் கலக்காதீர்கள்.